ஆமை புகுந்த வீடு

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பார்கள் நம் பாட்டிமார். பேத்திகள் காலத்தில் கதை தலைகீழ்! அதிர்ஷ்டம் வருமென்று காசு கொடுத்து ஆமை வாங்குகிறார்கள். அதிலும் கிராக்கி நட்சத்திர ஆமைக்குத்தான்.

இது தரை ஆமை. தஞ்சையின் சேற்று வயல் இதற்கு ஆகாது. வறண்ட புதர்க்காடு வேண்டும். காவிரி டெல்டாவின் தென்கோடியில், கோடிக்கரைக் காட்டில் இது உண்டு. கறுத்த ஓட்டின் மேடுகளில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரக் கோலமாக விரிந்திருக்கும். காய்ந்த புல்லுக்குள் நின்றால், அந்தக் கோலமே அதை மறைத்துவிடும். ஆகாரம் பெரும்பாலும் புல், பூ, உதிர்ந்த பழம். மழை வந்தால் தனி உற்சாகம்!

ஆணைவிடப் பெண் பெரியது. முட்டையிடும் சமயத்தில் இறுகிய மண்ணைத் தன் சிறுநீராலேயே நனைத்து, பின்னங்கால்களால் குழி பறிக்கும். இடுவது சில முட்டைகளே. குஞ்சு பொரிய மாதக்கணக்கில் ஆகலாம்.

இவ்வளவு நிதானமாகப் பெருகும் ஜீவனைப் பெட்டியில் அடைத்து, சென்னை, திருச்சி விமான நிலையங்கள் வழியே கடத்த முயன்று பிடிபட்டவர்கள் பலர். 2019-ல் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகள், காட்டில் பிடித்த இந்த ஆமையை நாடு விட்டு நாடு விற்கத் தடை விதித்தன. 2022-ல் திருத்திய நம் வனவிலங்குச் சட்டத்தில், புலியோடு சேர்த்து இதற்கும் முதல் அட்டவணையில் இடம். வீட்டில் வளர்ப்பது குற்றம்.

ஆக, பாட்டி வாக்கு பலித்துவிட்டது: ஆமை முதலில் புகுந்தால், அதிகாரி பின்னாலேயே புகுவார்! யாராவது விற்க வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாங்க ஆளில்லாவிட்டால், பிடிக்கவும் ஆளிருக்காது.