கட்டம் போட்டு ஆள் எடுக்காதீர்கள்

மங்கலம்பேட்டை, விருத்தாசலம் சுற்றுவட்டாரத்துப் பீங்கான் தொழிலாளர்களின் நுரையீரலை ஒருவர் ஆராயப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காரணம் வலுவானது. அகல் விளக்கு, பொம்மை, மின் இன்சுலேட்டர் எல்லாம் செய்யக் களிமண்ணோடு குவார்ட்ஸ் பொடியும் சேர்கிறது. குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. அந்தத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரலாம். வந்தால் குணமாகாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாக இதைப் பட்டியலிட்டிருந்தது.

ஆய்வின் முதல் வேலை, யார் உள்ளே, யார் வெளியே என்று பிரிப்பது. அதற்கு எல்லோர் கையும் போகிற சுலப வழி கட்டம். இடப்பக்கம் பத்து வரிசை: இருமல், மூச்சிரைப்பு, தூசி வேலை, புகை, முகக்கவசம் என்று இப்படி. மேலே ஐந்து பத்தி: எப்போதும், அடிக்கடி, சில சமயம், அரிதாக, இல்லவே இல்லை. ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

பதில் சொல்பவர் அலுத்துப்போனால் யோசிப்பதை விட்டுவிட்டு ஒப்பேற்றத் தொடங்குவார் என்று கருத்துக்கணிப்பு ஆய்வாளர் ஜான் க்ராஸ்னிக் 1991-லேயே விளக்கினார். கட்டத்தில் இது கண்ணுக்கே தெரியும்: ஒரே பத்தியில் மேலிருந்து கீழ்வரை டிக். அதே துறையைச் சேர்ந்த ரோஜர் டூரான்ஜோவும் அவருடைய சகாக்களும் 2004-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். அதே கேள்விகளைத் தனித்தனித் திரையில் கேட்டதைவிட ஒரே கட்டத்தில் கேட்டபோது, பதில்கள் ஒன்றோடொன்று அதிகம் ஒத்துப்போயின. பக்கத்தில் இருப்பதெல்லாம் ஒரே சங்கதி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நோயாளியின் உடம்பில் இல்லாத ஒற்றுமை தாளில் உண்டாகிவிடுகிறது.

டூரான்ஜோவின் சோதனை, திரையைப் பார்த்துத் தாங்களே நிரப்பியவர்களைப் பற்றியது. நம் ஊரில் கட்டத்தை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பதில் சொல்கிறார். அதில் வேறு பள்ளங்கள் இருக்கின்றன.

"ஆயா, இருமல் எப்போதும் வருதா, அடிக்கடியா, சில சமயமா, அரிதாவா, இல்லவே இல்லையா?" முதல் வரிசைக்கு ஐந்தையும் வாசிப்பார்கள். நான்காவது வரிசைக்குள் அது "மூச்சு வாங்குமா ஆயா?" என்று சுருங்கிவிடும். ஆயா "ம்" என்பார். காது கொடுத்துக் கேட்கிறேன் என்பதற்கான "ம்" அது. தாளில் "அடிக்கடி" என்று விழுந்துவிடும்.

எதிர்மறை வரிசை வந்தால் நிலைமை இன்னும் மோசம். "வேலையில் முகக்கவசம் போடுவதில்லை: ஆம் / இல்லை." போடாதவர் "இல்லம்மா, போடறதில்ல" என்பார். காதில் முதலில் விழுவது "இல்ல". "இல்லை" என்ற கட்டத்தில் டிக் விழும். போடாதவர், போடுகிறவர் ஆகிவிட்டார். ஆங்கிலப் படிவத்தை வரிக்கு வரி தமிழாக்கும்போது இந்தப் பிழை தானாகவே கூட வந்துவிடும்.

ஒரு டிக் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில், 30 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காக நிரப்பப்படும் சிபிஏசி படிவத்தைப் பாருங்கள். அதன் கடைசிப் பகுதியில் மனநிலை பற்றி இரண்டே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. கூட்டல் 3-ஐத் தாண்டினால் மேல்பரிசோதனை. 2-உம் 1-உம் என்றால் வீட்டிலேயே இருக்கலாம். 2-உம் 2-உம் என்றால் மேல்பரிசோதனைக்குப் போக வேண்டும். நடுவில் இருப்பது ஒரே ஒரு கட்டம். அதே படிவத்தில் தூசி வேலைக்கு உதாரணமாகச் செங்கல் சூளையும் கண்ணாடித் தொழிற்சாலையும்தான் வருகின்றன. பீங்கான் அச்சு வார்ப்பவர் அந்த வரிசையில் தன்னைக் கண்டுகொள்வாரா என்பது கேட்பவர் எடுத்துச் சொல்வதைப் பொறுத்தது.

பரிசோதனை இலவசம், கைக்குக் கொஞ்சம் பணம் என்று தெரிந்தால் பிழை எதிர்த்திசையில் போகும். எல்லா வரிசைக்கும் "உண்டு" என்று சொன்னால் உள்ளே போகலாம் என்பதைக் கட்டமே காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2022-இல், தாமாக வந்து சேரும் இணையக் கருத்துக்கணிப்பு ஒன்றில் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உரிமம் உண்டா என்று கேட்டுப் பார்த்தது. 30 வயதுக்குக் கீழ் இருந்தவர்களில் 12 சதவீதம் பேர் "உண்டு" என்றார்கள்.

சாதாரணக் கருத்துக்கணிப்பில் கட்டம் பிழைத்தால் ஓர் எண் கொஞ்சம் நகரும். பிறகு சரிபார்க்க வழி உண்டு. ஆள் பிரிக்கும் படிவத்தில் பிழைத்தால் ஆளே போய்விடுகிறார். பத்து வருடம் சூளையடியில் இருந்துவிட்டு இப்போது களை பறிக்கப் போகும் ஒருவர், "தற்போதைய வேலை" என்ற வரிசையில் விவசாயக் கூலி. சிலிக்கோசிஸ் பெரும்பாலும் பல ஆண்டு கழித்தே தலைகாட்டும் என்பதால், ஆய்வு தேட வேண்டியவரே அவர்தான். வெளியே நிறுத்தப்பட்டவரைப் பற்றி ஆய்வில் ஒரு தகவலும் இருக்காது. பிறகு எந்தக் கணக்கு போட்டாலும் அவரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

செய்ய வேண்டியது கடினமில்லை. உள்ளே வெளியே என்று தீர்மானிக்கும் கேள்விகளைக் கட்டத்திலிருந்து பிரித்து, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "அடிக்கடி" என்பதற்குப் பதிலாக "போன வாரம் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். எதிர்மறை வாக்கியத்தை வெட்டுங்கள். வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மண் அரைத்தீர்களா, அச்சு வார்த்தீர்களா, சூளை அடுக்கினீர்களா, எந்த வயதிலிருந்து எந்த வயது வரை? கட்டம் வேண்டுமென்றால் இரண்டு மூன்று வரிசைக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் எல்லாப் பத்தியையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, "தகுதியில்லை" என்று திருப்பி அனுப்பியவர்களின் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் பத்துத் தாளை உருவி, அந்த வீடுகளுக்கு வேறொருவரை அனுப்பி, கட்டமில்லாமல் வாய்ப்பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். அதில் ஒரே ஒரு பழைய சூளைத் தொழிலாளி கிடைத்தாலும், ஆய்வை நிறுத்திப் படிவத்தைத் திருத்த அது போதும்.