கல்லாவும் கம்ப்யூட்டரும்

"கல்யாணம் எப்படி நடந்தது?" என்று சம்பந்தியைக் கேளுங்கள், "ஜாம் ஜாமென்று!" என்பார். சமையற்காரர் பாயசம் போதாமற் போன கதையைச் சொல்லுவார். பெண்ணைப் பெற்றவரோ கடன் பத்திரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஒரே கல்யாணந்தான், தீர்ப்பு மூன்று! கம்ப்யூட்டர் திட்டங்களின் சமாசாரமும் இதுதான் என்றால் நம்புவீர்களா?

பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே பெரும்பாலான தபாலாபீஸ்களை நடத்துகிறவர்கள் சம்பள உத்தியோகஸ்தர்கள் அல்ல. கடையின் ஒரு மூலையில் கவுண்ட்டர் போட்டு, ஒப்பந்தத்தின் பேரில் நடத்தும் சப் போஸ்ட்மாஸ்டர்கள். 'ஹொரைஸன்' என்ற கம்ப்யூட்டர் திட்டத்துக்கு 1996-ல் ஒப்பந்தம் ஆயிற்று. அரசாங்க உதவிப் பணத்தைக் கார்டு மூலம் பட்டுவாடா செய்வது ஆதி நோக்கங்களில் ஒன்று. 1999-ல் அதைக் கைவிட்டார்கள். உதவிப் பண இலாகாவைக் கேட்டால் திட்டம் தோல்வி! தபாலாபீஸ் நிர்வாகமோ மிஞ்சியதை ஏற்று, ஆயிரக்கணக்கான கவுண்ட்டர்களில் யந்திரத்தை வைத்தது. காகிதக் கணக்கு ஒழிந்தது, நிர்வாகத்துக்கு வெற்றி. ஒப்பந்தம் நீடித்தது, ஃபூஜிட்ஸு கம்பெனிக்கும் வெற்றி.

கவுண்ட்டருக்குள் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டார்களா? அதுதான் இல்லை. ராத்திரி கடையைச் சாத்திவிட்டு அவர் கல்லாவை எண்ணுகிறார். திரையில் தெரியும் தொகைக்கும் கையிலுள்ள தொகைக்கும் ஆயிரக்கணக்கான பவுன் வித்தியாசம்! மறுபடி எண்ணினாலும் அதே கதை. குறையை அவரே ஈடு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிற்று. உதவி கேட்டுப் போன் செய்த பலருக்கு, வேறு யாருக்குமே இப்படி நேரவில்லை என்ற பதில் கிடைத்தது. (ஆளுக்கு ஆள் அதே பதில்!) வீட்டை அடகு வைத்தவர்கள் உண்டு. பலர் மீது திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்கு. 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். 2010-ல் சிறைக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண்மணி அப்போது கர்ப்பிணி.

ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் சப் போஸ்ட்மாஸ்டர் முன்னின்று, 555 பேர் வழக்குத் தொடுத்தார்கள். யந்திரத்தில் பிழைகள் உண்டு, அவற்றால் கணக்கில் குறை விழக்கூடும் என்று 2019 டிசம்பரில் ஹைகோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. அதே மாதம் சமரசமாகக் கிடைத்தது 5 கோடியே 77½ லட்சம் பவுன். பெரும் பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது. இது வெற்றிதானா என்று அந்த 555 பேரைத்தான் கேட்க வேண்டும். 2024-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் போட்டு, நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனையை ஒட்டுமொத்தமாக ரத்துச் செய்தது. அதற்குள் சிலர் காலமாகிவிட்டிருந்தார்கள்.