பழைய கம்ப்யூட்டரில் தேதி தப்பா காட்டுதா? 2026-க்கு பதில் 1998 வைத்தால் கிழமை சரியா வரும்... எப்படி?

சிங்காரப்பேட்டையில் வீட்டுப் பரணில் கிடக்கும் கம்ப்யூட்டரோ, ஓசூரில் சின்ன பட்டறையில் பில் போடும் மெஷினோ... ஆன் செய்ததும் 1980 என்று தேதி காட்டுகிறதா? தூக்கிப் போட்டுடாதீங்க. பழைய கணக்கு, போட்டோ எல்லாம் அதற்குள்தான் இருக்கும். சரிசெய்வது எப்படி? பார்க்கலாம்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு வாட்ச்

கரண்ட் இல்லாதபோதும் நேரத்தை எண்ண, மதர்போர்டில் தனியாக ஒரு கடிகார சிப் உண்டு. அதை இயக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். ஓசூரில் டைட்டன் ஆலை தயாரிக்கும் குவார்ட்ஸ் வாட்ச் வகைகளும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. இரண்டுக்குமே தேவை ஒரு பட்டன் பேட்டரி.

பேட்டரியா, சாஃப்ட்வேரா?

தேதியைச் சரியாக வைத்து, ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மறுநாள் பழைய தேதிக்கே போய்விட்டால் பேட்டரி காலி. தேதி சரியாக இருந்தும் ஒரு புரோகிராமில் மட்டும் 1926 அல்லது 19126 என்று வந்தால், சாஃப்ட்வேர்தான் பிரச்னை.

பேட்டரி மாற்றும் முன் இதைச் செய்யுங்க

1. ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸ் உள்ளே போங்கள். எல்லாப் பக்கத்தையும் மொபைலில் போட்டோ எடுங்கள். 386, 486 காலத்து மெஷினில் ஹார்டு டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்கள் அங்கேதான் இருக்கும். அவை அழிந்தால் டிஸ்க்கையே கண்டுபிடிக்காது.

2. பிளக்கைக் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பவர் சப்ளை பெட்டியைத் தொடவே கூடாது.

3. காசு மாதிரி வட்டமாக இருந்தால் பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி. பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள்.

4. சின்ன பீப்பாய் வடிவில் சால்டர் செய்திருந்தால் நீங்களே பிடுங்காதீங்க. அது கசிந்து போர்டையே அரித்துவிடும். பச்சையாகப் பூத்திருந்தால் உடனே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கழற்றிய பட்டன் பேட்டரியை குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அது என்ன 1998 கணக்கு?

அந்தக் காலத்தில் இடத்தை மிச்சப்படுத்த, வருடத்தின் கடைசி இரண்டு எண்களை மட்டும் சேமித்தார்கள். அதனால் '26' என்றால் 1926-ஆ, 2026-ஆ என்று புரோகிராமுக்குத் தெரியாது. இதுதான் உலகத்தையே பயமுறுத்திய ஒய்2கே பிரச்னை.

1901 முதல் 2099 வரை, 28 வருடத்துக்கு ஒருமுறை அதே காலண்டர் திரும்ப வரும். 2026-ல் 28 கழித்தால் 1998. இரண்டு வருடத்திலும் ஆகஸ்ட் 15 சனிக்கிழமைதான். அதனால் புதிய வருடத்தை ஏற்காத புரோகிராமில் 1998 வைத்தால் கிழமையும் லீப் வருடமும் பிசகாது.

ஆனா ஒண்ணு, பில், வட்டிக் கணக்குக்கு இந்த வழி வேண்டாம். பழைய பதிவுகளோடு புதியதும் கலந்துவிடும்.

தேதி சரி பண்ணியும் இணையதளம் திறக்கலையா?

விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ல் நிறுத்திவிட்டது. அதன் பழைய பிரவுசரில் இன்றைய பாதுகாப்பு முறை வேலை செய்யாது. அதை நெட்டில் இணைக்காமல், ஃபைல்களை முதலில் காப்பி எடுத்துவிடுவதே நல்லது.

அடுத்தது 2038

1970-லிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய லினக்ஸ் போன்ற சிஸ்டங்களுக்கு, 2038 ஜனவரி 19 இந்திய நேரப்படி காலை 8:44:07 மணியோடு எண்ணிக்கை தீர்ந்துவிடும். அடுத்த நொடியே 1901-க்குத் தாவிவிடலாம். பட்டறை மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர் பழசாக இருந்தால், சர்வீஸ் செய்பவரிடம் இதை இப்பவே கேட்டு வையுங்க.