தஞ்சைக் கலைக்கூடத்தில்

தஞ்சைக்குச் செல்வோர் பலர் பெரிய கோயிலைத் தரிசித்ததோடு திரும்பிவிடுகின்றனர். அரண்மனையினுள்ளே, 1951ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கலைக்கூடத்தையும் அவர்கள் காணல் வேண்டும்.

2024ஆம் ஆண்டில் நாம் காங்கேசன்துறையிற் கப்பலேறி, நாகபட்டினத்தில் இறங்கி, பேருந்தில் தஞ்சையை அடைந்தோம். திருவெண்காட்டு இடபவாகன தேவர்முன் நின்றதும் பயண அலுப்பு எங்கோ போயிற்று. முதலாம் இராசராசன் காலத்தில், 1011ஆம் ஆண்டளவில் வார்க்கப்பெற்ற செப்புத் திருமேனி அது; மண்ணிற் புதைந்து கிடந்து மீண்டது. தலைப்பாகைபோற் சுற்றிய சடை, இதழிலே இளநகை. சாய்ந்த கையின் கீழே இடபம் இல்லை. ஆயினும், அக்கையின் சாய்விலேயே இடபத்தைக் கண்டோம்.

“இங்கே கும்பிடலாமோ, சேர்?” என்றான் உடன்வந்த மாணவன்.

விளக்கில்லை, பூவில்லை. கலைப்பொருளாக நோக்கவே வந்திருந்தோம். எனினும், விடை கூறுமுன்னரே எம் கைகள் குவிந்திருந்தன.