பெருங்குடும்பத்திற்கேற்ற குளிர்சாதனப் பெட்டி

வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள பாலாற்றங்கரை ஊர்களில் வாழ்வார்க்குத் தோலைக் கெடாமற் காக்கும் முறையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். ஆதலின் அதன்மீது உப்பிட்டு, உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, நுண்ணுயிர்கள் பெருகவொட்டாமற் செய்து, பின்னரே பதனிடும் சாலைக்கு அனுப்புவர். சமையலறையில் இவ்வேலையைச் செய்வது குளிர். எனினும் இவ்விரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. உப்பு நுண்ணுயிரை நீரின்றி வாட்டும். குளிரோ பெரும்பாலும் அதனைக் கொல்வதில்லை, மந்தமாக்குவதோடு நின்றுவிடும். இதனை மனத்திற் கொள்ளாது பெட்டியின் பருமனை மட்டும் நோக்கி வாங்கும் பெருங்குடும்பத்தார் ஏமாற்றமடைவது உறுதி.

முற்காலத்தில் இக்கவலை எவர்க்கும் இருந்ததில்லை. சென்னைக் கடற்கரையில் 1842-ஆம் ஆண்டு எழுந்த ஐஸ் ஹவுஸ், அமெரிக்க நாட்டிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் செல்வர்க்கு விற்கவே பயன்பட்டது. நம் நாட்டிலேயே செய்யப்பட்ட முதற்குளிர்சாதனப் பெட்டியைக் கோத்ரெஜ் நிறுவனத்தார் 1958-இல் வெளியிட்டனர். இன்றோ கடைக்குட் புகுந்தால் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று மயக்கமே மிகுகின்றது. விவரச் சீட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பு, வீட்டில் கல்லூரியிற் பயிலும் பிள்ளைமீதே வந்து விழுமாதலின் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கடைக்காரர் முதலிற் கேட்பது, "வீட்டில் எத்தனை பேர்?" என்பதே. பத்துப் பேர் என்றதும் 500 லிட்டருக்கு மேற்பட்ட பெட்டியைக் காட்டுவார். எம் கருத்தில் கேட்கத்தக்க கேள்வி வேறு: எவ்வளவு வெப்பத்தை எத்தனை முறை உள்ளே செலுத்துகின்றோம் என்பதே அது. நாள்தோறும் இறைச்சியும் காய்கறியும் புதிதாக வாங்கும் பத்துப் பேருக்கு 350 லிட்டர் போதியதாகலாம். வாரத்திற்கு ஒருமுறை வாங்குவோர்க்கு அது போதாது.

பக்ரீத் நாளை எண்ணிப் பார்ப்போம். ஒரு கிலோ நீரை 30 பாகையிலிருந்து 0 பாகைக்குக் குளிர்விக்க 30 கிலோகலோரி வெப்பத்தை நீக்கினாற் போதும். அந்நீர் பனிக்கட்டியாவதற்கோ மேலும் 80 கிலோகலோரியை நீக்க வேண்டும். இறைச்சியில் ஏறக்குறைய முக்காற்பங்கு நீரே. ஆகவே 15 கிலோ இறைச்சியை ஒரே பொட்டலமாக உறைபெட்டியில் திணித்தால், மேற்புறம் கல்லாயிறுக, நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருந்து கெடும்; முன்னரே அங்கிருந்த பொருள்களும் இளகும். வீட்டுப் பெட்டி ஒரு நாளில் உறைவிக்கவல்லது சில கிலோவே. தட்டையான சிறு பொட்டலங்களாக்கி, இடைவெளி விட்டு, பகுதி பகுதியாக வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் இவ்வாறு மிகுதியாகச் சேமிக்கும் இல்லத்தார், பெட்டியைப் பெரிதாக்குவதினும் உறைபெட்டி ஒன்றைத் தனியே வாங்குவது மேல்.

மிஞ்சிய பிரியாணிக்கும் இதுவே நியாயம். அரிசியில் உள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் கொதியிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்குங்கால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் நீங்காது. ஆதலின் சோற்றை அகன்ற தட்டுகளிற் பரப்பி, இரண்டு மணி நேரத்திற்குள் உள்ளே வைக்க வேண்டும். தேக்சாவை அப்படியே உள்ளே தள்ளுதல் தகாது. பெரிய பெட்டி வாங்கியதால் தேக்சாவும் அடங்கிவிடுகிறதென்று மகிழ்வாரைக் கண்டிருக்கிறோம்!

இனி வகையைப் பார்ப்போம். நேர்க்குளிர் வகை விலை குறைந்தது, மின்சாரமும் குறைவாகவே கொள்ளும். ஆனால் கதவைத் திறக்குந்தோறும் ஈரக்காற்று புகுந்து உறைபனி படியும், அதனை அவ்வப்போது உருக்க வேண்டும். குழந்தைகள் நிறைந்த வீட்டில் கதவு மூடியிருக்கும் நேரம் எவ்வளவு என்பதைத் தாய்மார் அறிவர். அத்தகைய வீட்டிற்கு உறைபனி படியாத, விசிறியுடைய வகையே ஏற்றது.

பெட்டியின் பின்புறத்தகட்டில் தட்பவெப்ப வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து இருக்கும். 'என்' என்பது 32 பாகை வரையுள்ள சூழலுக்கும், 'எஸ்டி' என்பது 38 வரைக்கும், 'டி' என்பது 43 வரைக்கும் உரியன. கோடையில் வேலூரின் வெப்பம் 40-ஐக் கடப்பது வழக்கமாதலின் 'டி' என்னும் குறியுடையதே நமக்குத் தக்கது. இதனைக் கேட்டு வாங்குவார் மிகச் சிலரே.

விண்மீன் குறியைக் குறித்தும் ஒரு சொல். எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய இம்முறையில், விண்மீன்கள் ஒரே வகையும் அளவும் உடைய பெட்டிகளை ஒப்பிடுதற்கே உதவும். ஐந்து விண்மீன் பெற்ற பெரும்பெட்டி, மூன்று விண்மீன் பெற்ற சிறுபெட்டியினும் மிகுதியாக மின்சாரம் கொள்ளக்கூடும். சீட்டில் அச்சிட்டுள்ள ஆண்டு யூனிட் கணக்கையே படிக்க வேண்டும்.

நீரிழிவுடைய முதியோர் உள்ள வீட்டில் இன்சுலின் மருந்தும் இப்பெட்டியிலேயே இருக்கும். திறவாத மருந்துக்கு 2 முதல் 8 பாகை வரை வேண்டும்; உறைந்துவிட்டாலோ அது பயனற்றது. கதவோரம் வெப்பம் ஏறியிறங்கும், உறைபெட்டியின் அருகே உறையும் அச்சமுண்டு, நடுத்தட்டே நல்லிடம். பத்துப் பேர் திறந்து மூடும் பெட்டியில் அந்நடுத்தட்டு மருந்துக்கென்றே ஒதுங்கி நிற்குமா என்பது ஐயமே. இத்தகைய வீட்டிற்கு மாபெரும் பெட்டி ஒன்றினும், நடுத்தரமானது ஒன்றும் சிறியது ஒன்றுமாக இரண்டு வாங்குதலே நலமென்போம். மின்செலவு சற்று ஏறும். ஆயினும் ஒன்று பழுதுற்ற நாளில் மருந்தும் பாலும் மற்றதிற் பிழைக்கும்.

வாங்குமுன் வாயிலின் அகலத்தையும் அளத்தல் நன்று. நாமறிந்த பழைய வீடொன்றில், இருகதவுப் பெரும்பெட்டி இரண்டு நாள் திண்ணையிலேயே நின்றது. தச்சரை அழைத்து நிலைக்கதவைக் கழற்றியபின்னரே உள்ளே சென்றது.