கடை மூடினால் குடி நின்றுவிடுமா?

கொரோனா ஊரடங்குக்காக 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் டாஸ்மாக் மதுக்கடைகள் மூடப்பட்டன. மே 7 அன்று சென்னை தவிர்த்த பகுதிகளில் அவை திறந்தபோது, குடை பிடித்து வரிசையில் நின்றவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்தோம். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும், உச்ச நீதிமன்றத் தடையாணைக்குப் பின் மே 16 அன்று மறுபடி திறந்ததும் தெரிந்த கதைதான். இடைப்பட்ட நாட்களில் வீடுகளுக்குள் நடந்ததைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசவில்லை.

திடீரென நின்றால்

மது மூளையை மந்தப்படுத்தும். வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். மது ஒரே நாளில் நின்றால், கூட்டிய வேகம் மட்டும் அப்படியே இருக்கும். சில மணி நேரத்திலேயே கை உதறத் தொடங்கும். டீ டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் சிந்தும். வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை கூடவே வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்து, "சுவர்ல பூச்சி ஊருது, வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க" என்று பிதற்றத் தொடங்கினால் அது உயிருக்கே ஆபத்தான கட்டம். பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போவதும், 'சரக்குக்காக நடிக்கிறான்' என்று அறையில் பூட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

இதற்கு மருத்துவம் இருக்கிறது. நரம்புகளை அமைதிப்படுத்தும் மாத்திரையைச் சில நாட்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். ஊரடங்கின் தொடக்கத்தில் கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மதுவே தரலாம் என்று ஆணையிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தனர், உயர் நீதிமன்றமும் அதற்குத் தடை விதித்தது. வழி தவறுதான். ஆனாலும் குடியை நோயாகப் பார்த்த அளவில் அந்த அரசு நம்மைவிட ஒரு படி மேல்.

கிடைத்ததைக் குடித்தவர்கள்

புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்த மூன்று மீனவர்கள் இறந்தார்கள். ஆந்திராவின் குறிச்சேடுவில் சானிடைசர் பத்துப் பேரையாவது கொன்றது. ஈரானிலோ, மது கொரோனாவைக் கொல்லும் என்ற வதந்தியும் சேர்ந்துகொள்ள, மெத்தனால் கலந்த சாராயத்துக்கு நூற்றுக்கணக்கானோர் பலியாயினர். மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். குடித்தவர் 'கண் மங்குது' என்றால் போதை தெளியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டுக்குள் வந்த பாட்டில்

இன்னொரு கூட்டம் சத்தமில்லாமல் குடியைக் கூட்டிக்கொண்டது. வார இறுதியில் நண்பர்களோடு என்றிருந்தது, தினமும் தனியாக என்று மாறியது. லேப்டாப்பை மூடியதும் கிளாஸ் எடுப்பது பழக்கமானது; வீட்டில் ஊற்றும்போது அளவும் கிடையாது. 180 மில்லி குவாட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அது தினமும் உள்ளே போனால், கல்லீரல் வலி தெரியாமலே கெட்டுக்கொண்டிருக்கும். பிரிட்டனில் மதுவால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019-ல் 7,565, 2020-ல் 8,974. பொது முடக்கத்தில் மதுக்கூடங்கள் பல மாதம் மூடிக் கிடந்த நாடு அது.

யாரிடம் போவது?

காலையில் எழுந்ததும் குடிக்கத் தோன்றுகிறதா? வீட்டில் யாராவது குடியைப் பற்றிப் பேசினாலே எரிச்சல் வருகிறதா? கொரோனா காலத்தில் கூடிய அளவு இன்னும் குறையவில்லையா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. 104 எண்ணிலும், டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். தினமும் குடிப்பவர் வீம்புக்காகத் தானாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.