பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கக் காய்ச்சல்

பன்றி வளர்ப்போர் சிலரிடம் ஒரு தவறான தைரியம் காணப்படுகிறது. பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது, இனிப் பயமில்லை என்பதே அது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பெயரிலும் குறிகளிலும் சாதாரணக் காய்ச்சலை ஒத்திருப்பினும், முற்றிலும் வேறான வைரஸ் கிருமியால் உண்டாவது. அந்த ஊசி இதனைத் தடுக்காது. இதற்குச் சிகிச்சையும் கிடையாது. மனிதருக்கு இந்நோய் தொற்றுவதில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

கென்யா நாட்டில் குடியேறிய ஐரோப்பியர் வளர்த்த பன்றிகள் திரள் திரளாக மடிந்ததை ஆராய்ந்து, 1921-ம் வருஷத்தில் மான்ட்கோமரி என்பார் இந்நோயை முதன்முதலாக விவரித்து எழுதினார். அந்நாட்டுக் காட்டுப் பன்றிகளிலும் அவற்றின் வளைகளிலுள்ள உண்ணிகளிலும் கிருமி நெடுங்காலமாகக் குடியிருந்தது. காட்டு இனத்துக்கு அதனால் கேடில்லை. வீட்டுப் பன்றிக்கோ அது யமன்.

கிருமி உட்புகுந்த 4 முதல் 19 தினங்களுக்குள் நோய் வெளிப்படும். ஜுரம் பாரன்ஹீட் 105 டிகிரிக்கு மேல் ஏறும். பன்றி தீனியை வெறுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஒண்டிப் படுக்கும். காது, வயிறு, கால்களின் தோல் சிவந்து பின் நீலம் பாரிக்கும். சினையானவை குட்டி வீசும். கிருமி இரத்தத்திலுள்ள காவல் அணுக்களையே பற்றி அழிப்பதால், குழாய்கள் சீர்கெட்டு உள்ளே இரத்தம் கசிகிறது. மண்ணீரல் வீங்கிக் கறுக்கிறது. சில பன்றிகள் யாதொரு குறியுமின்றிக் காலையில் செத்துக் கிடக்கும். ஆயினும் காரணமறிய உடலை அறுத்துப் பார்த்தல் கூடாது. சிந்தும் இரத்தமே பெரும் தொற்று. நோயின்னதென்று இரசாயனசாலைச் சோதனையாலன்றிக் கண்ணால் நிச்சயிக்க இயலாது.

இது பன்றியிலிருந்து பன்றிக்குத் தாவுவதோடு நிற்பதில்லை. தூர தேசங்களுக்கு இதனைச் சுமந்து சென்றவன் மனிதனே. குளிரூட்டிய இறைச்சியிலும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியிலும் கிருமி பல மாதங்கள் உயிரோடிருக்கும். 1957-ல் போர்ச்சுகல் தேசத்து லிஸ்பன் நகரருகே நோய் தோன்றியது, ஆகாய விமானங்களில் மிஞ்சிய உணவைப் பன்றிகளுக்கு இட்டதனால் என்று கருதப்படுகிறது. 1960-ல் மீண்டும் புகுந்து, ஸ்பெயினுக்கும் பரவி, 30 வருஷங்களுக்கு மேல் அவ்விரு நாடுகளையும் வருத்தியது. நம்மவர் ஓட்டல் எச்சிலைக் கூலி வண்டியிற் கொணர்ந்து தொட்டியிற் கொட்டும் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அத்தீனியை நிறுத்தவே இயலாதவர், 90 டிகிரி சென்டிகிரேடு சூட்டுக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் கிளறிக் கிளறிக் காய்ச்சியே இடவேண்டும். கொதி வந்ததும் இறக்குதல் போதாது.

இந்தியாவில் 2020-ல் அஸ்ஸாமிலும் அருணாசலத்திலும் தோன்றிய இந்நோய், 2022-ல் நமக்கு அண்டையான வயநாட்டுக்கு வந்தது. 2023-ல் முதுமலைக் காட்டுப் பன்றிகளும் மடிந்தன. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளைக் கொன்று புதைப்பது சர்க்கார் விதி. இவ்விதிக்கு அஞ்சியே, ஒன்றிரண்டு செத்ததும் மற்றவற்றை இரவோடிரவாகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அஞ்சுவதில் நியாயம் இல்லாமலில்லை. நஷ்டஈடு சந்தை விலைக்கு ஈடாவதில்லையென்ற குறை யாவருமறிந்ததே. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தொகை உத்தரவுப்படி கொல்லப்பட்ட பன்றிக்குரியதேயன்றி, தானே மடிந்ததற்கு அன்று. தாமதிக்குந்தோறும் உரிமையாளரின் பங்கு குறையும். சந்தைக்குப் போன பன்றியோ பத்துக் கொட்டில்களைக் காலியாக்கும். சந்தேகம் தோன்றியதும் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவிப்பது 2009-ம் வருஷத்துச் சட்டப்படி உரிமையாளரின் கடமையுமாகும்.

இறந்த உடல்களை ஓடையில் எறியாமல், காட்டுப் பன்றியும் நாயும் தோண்டாதவாறு ஆழப் புதைத்துச் சுண்ணாம்பிட வேண்டும். கொட்டிலைச் சுத்தி செய்தவுடன் புதுக் குட்டிகளுக்குச் சங்கத்தில் கடன் கேட்போருண்டு. கால்நடை வைத்தியரின் அனுமதிச் சீட்டைக் கண்ட பின்னரே பஞ்சாயத்தார் அதனை வழங்கலாம். அப்போதும் முதலில் இரண்டு மூன்று குட்டிகளை மட்டும் விட்டு, சில வாரங்கள் அவை நலமாயிருப்பது கண்டு மீதித் தொகையைக் கொடுத்தல் நலம்.